பதினேழாவது குடுவை

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை. நேரங்கள் எல்லாம் விமானத்தின் கருவிப் பதிவில் இன்னும் இருக்கின்றன.

அவள் காற்றை ஆராய்கிறவள். கோடை மதியங்களில் ஒரு சின்ன விமானத்தில் பெருநகரத்துக்கு மேலே வட்டமடிப்பாள். கீழே கிளம்பும் வாகனப் புகை, வெயிலில் வெந்து எப்படி ஓசோன் என்னும் நஞ்சாக மாறுகிறது என்று அளப்பாள். போன கோடையில் அப்படி அளந்துகொண்டிருந்த நேரத்தில்தான், கீழே பள்ளிக்கூடத்தில் அவளுடைய ஒன்பது வயது மகள் இழுப்பு வந்து மூச்சுத் திணறி இறந்துபோனாள். வீட்டில் அவளைப் பூச்சி என்று கூப்பிடுவார்கள். விமானம் தரையிறங்கிய பிறகுதான் அம்மாவுக்குச் சேதி தெரிந்தது.

ஒரு வருடம் கழித்து அதே தடத்தில் மறுபடியும் பறந்தாள். விமானி முன்னால். அவள் பின்னால். வேறு ஆள் கிடையாது.

மதியம் 2:41. ஹெட்போனில் யாரோ மூச்சு விடும் சத்தம். கொய்ங்... கொய்ங்...

"உங்களுக்குச் சளியா?" என்றாள்.

"எனக்கா? நீங்கதான் மூச்சு வாங்குறீங்கன்னு நெனச்சேன்," என்றார் விமானி.

அவள் தன் மைக்கை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

2:46. ஓசோன் அளவு விறுவிறுவென்று ஏறியது. மூச்சும் கூடவே வேகமானது. ஜன்னலுக்குக் கீழே, பழுப்பு மூட்டத்துக்குள், பள்ளிக்கூடத்தின் நீலக் கூரை.

அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். முதுகைத் தடவிக்கொண்டே எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

"பூச்சி?"

கொய்ங்... கொய்ங்... கொய்ங்...

பயம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லக் கொடுத்துவைக்காததை இன்று சொன்னாள்.

"அம்மா இங்கதான் இருக்கேன். பதறாத. மூக்கால இழு... மெதுவா... இப்ப வாயால விடு, கண்ணு."

2:48.

நீளமாக ஒரு பெருமூச்சு...

அப்புறம் எதுவுமில்லை.

தரையிறங்கியதும், காற்றைப் பிடித்து வைக்கும் எஃகுக் குடுவைகளைச் சரிபார்த்தாள். அவள் திறந்தது பதினாறு. பதினேழாவதும் நிரம்பியிருந்தது. நிரம்பிய நேரம் 2:48.

மூன்று வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், பதினேழாவது குடுவைக்குள்ள யாராவது ஊதினீங்களா? வெளிக்காத்து கொஞ்சங்கூட இல்ல. அத்தனையும் மனுஷ மூச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்ப... அது எங்க?"

"சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு நேத்தே வெளிய விட்டுட்டோம், மேடம். குடுவையக்கூடக் கழுவியாச்சு."