முதல் வரியை நான்தான் போட்டேன்

லேமினேஷன் மெஷின் சூடேறும்போது கிளம்பும் பிளாஸ்டிக் வாசனை, அது எங்கே அடித்தாலும், நான் வேங்கிக்காலில் நிற்கிறேன். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரம், ஒரு மடக்கு மேசை. பத்து வருடம் அங்கே மனு எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள், விடியும்போதே கூட்டம். பட்டா, விதவை உதவித்தொகை, காணாமல்போன புருஷன். அழுதுகொண்டே சொல்வார்கள், பாதியில் நிறுத்துவேன். அதிகாரி முதல் மூன்று வரிதான் படிப்பார், அதற்குள் மனம் இளக வேண்டும். அதற்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டால் பின்னால் நிற்பவர், "இன்னாம்மா, கதாகாலட்சேபமா நடக்குது?" என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும் ஊரில் எனக்குத் தாள் மட்டும்தான் தெரிந்தது.

இப்போது என் பலகையில் 'எழுத்துப் பயிற்சி, கல்லூரி வழிகாட்டல்' என்று இருக்கிறது. முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க என்று பெற்றோர் கேட்டால், எழுத்து வேலைதான் என்பேன். பொய்யில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா இல்லை, அம்மா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வெள்ளரிக்காய் விற்பவள். வடக்கே ஒரு பல்கலைக்கழகம், முழுச் செலவும் அவர்களே ஏற்பார்கள், தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவள் எழுதி வந்தது சப்பென்று இருந்தது. நானே முதல் வரியைப் போட்டேன்: எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் நான்.

ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நல்லாருக்குல்ல?" என்றேன். தலையாட்டினாள். அன்றே அனுப்பினோம்.

நாலாம் நாள் அம்மாவோடு வந்து நின்றாள். "அம்மா என்ன எழுதினன்னு கேட்டாங்க மிஸ். தமிழ்ல சொன்னேன். அப்போலேர்ந்து சரியா சாப்பிடல."

அம்மா உட்காரவில்லை. "எம் பெரிய பையன் இஞ்சினியரிங் சேந்தான் மேடம். மூணாவது வருஷம் ஹாஸ்டல்லயே உயிர விட்டுட்டான். அவனை இல்லாமப் பண்ணிட்டீங்களே. அந்த வரிய மாத்த முடியுமா?"

முடியும், ஒரு மெயில் போதும். ஆனால் ஏன் மாற்றுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் சந்தேகம் வரும், மற்ற வரிகளின் மேலும் வரும். பெண்ணைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப மாத்தினா சீட்டு போய்டும்மா," என்றேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்தவள் குரலில் சொன்னேன், அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

"அப்போ வேணாம்," என்றாள் அம்மா. "இவளாவது போவட்டும்."

சீட்டு கிடைத்தது. நேர்காணலில் அந்த வரியைத்தான் பாராட்டினார்களாம். பெண் சொன்னபோது நான் ஸ்வீட் வாங்கப் போகவில்லை.

கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மகள் சென்னை வண்டியில் ஜன்னலோரம். வண்டி நகர, அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"அங்க யாராச்சும் கேட்டா, அண்ணனும் காலேஜுக்குப் போனான்னு சொல்லுடி."

"அதை மட்டும் சொல்ல முடியாதும்மா."