சுவருக்குப் போட்ட மெத்தை

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை நான் தச்சராகவும் தையல்காரராகவும் ஒரே நாளில் பதவியேற்றேன். கட்டிலுக்கு மெத்தை வைத்த ஹெட்போர்டு – அதாவது தலைமாட்டில் சாய்ந்துகொள்ளும் பலகை – என் கையாலேயே செய்தேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை? எங்கள் ராயபுரம் வீட்டுச் சுவர்தான் காரணம். கடல் கூப்பிடு தூரம். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உதிரும். கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துவிட்டு எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை. அந்த முதுகோடு ஒரு கல்யாணத்துக்கே போய் வந்திருக்கிறேன். கூடவே வந்த என் மனைவி சரளா, வீடு திரும்பிய பிறகுதான் சொன்னாள்.

பழைய அலமாரிக் கதவு ஒன்று சும்மா கிடந்தது. ஆட்டோ சீட் தைக்கும் கடையில் இரண்டு அங்குல ஃபோம் வாங்கினேன். மேலே மெரூன் துணி. சரளா இழுத்துப் பிடிக்க, நான் பின்பக்கம் ஸ்டேப்ளர் கன்னால் அடித்துக்கொண்டே போனேன். மூலை மடிப்பில் மட்டும் சண்டை வந்தது. அவள் மடித்ததுதான் சரி... இதை அவளும் படிப்பாள். சாயங்காலம் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிவிட்டுச் சாய்ந்தேன். பரம சுகம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சரளா திடுக்கிட்டு எழுந்தாள்.

“பிலோ அக்கா இன்னிக்குத் தட்டலியே?”

சுவருக்கு அந்தப் பக்கம் பிலோ அக்கா வீடு. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். மகன் கப்பலில் இருக்கிறான், இவர் தனியாக. இரண்டு வருஷத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மத்தியானம் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. ஐந்தரைக்கு எழுந்ததும் அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். பதிலுக்குச் சரளா இரண்டு. அவர் வீட்டுச் சாவி எங்களிடம், எங்கள் சாவி அவரிடம்.

ஏன், போன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஆனால் போனைத் தேட வேண்டும், அதற்குமுன் கண்ணாடியைத் தேட வேண்டும், சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது என்பது அக்காவின் கட்சி.

சரளா சாவியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னாலேயே. அந்தப் பாத்ரூம் கண்ணிலேயே நின்றது. எங்கள் வாசல் கதவைத் திறந்தால்... எதிரே பிலோ அக்கா. கையில் எங்கள் வீட்டுச் சாவி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது.

“இன்னாம்மா சரளா, அரை மணி நேரமா தட்டிகினே கீறேன். உங்களுக்கு இன்னாவோ ஆயிட்ச்சுன்னு பேஜாராப் பூட்ச்சு.”

அவர் விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. சரளா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

காபி குடிக்கும்போதுதான் குற்றவாளி யாரென்று தெரிந்தது. அக்கா தட்டுகிற இடத்துக்கு நேராக நான்தான் இரண்டு அங்குல ஃபோம் வைத்து அடைத்திருக்கிறேன்! அக்கா ஹெட்போர்டைப் பார்க்க வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, நிதானமாகச் சாய்ந்து பார்த்தார்.

“சொகமாத்தான் கீது, நைனா. காதுதான் கேக்கல.”

பாராட்டா, திட்டா? இரண்டும்தான். அன்று மதியமே கழற்றினேன். ஒரு நாள்கூட முழுசாகச் சாயவில்லையே என்று வயிறு எரிந்தது. சரளா படுக்கும் பக்கத்து மூலையில், இரண்டு கை அகலத்துக்குப் பலகையை அறுத்து, ஃபோமை வெட்டி, துணியை மடித்து அடித்தேன். இப்போது அங்கே சுவர் தெரிகிறது. உப்பும் உதிர்கிறது. உதிரட்டுமே!

நம் சுகத்துக்காக வீட்டில் எதையெதையோ இழுத்து மூடுகிறோம். மூடுவதற்கு முன், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை.

திங்கள் காலை ஐந்தரை. டொக்... டொக். சரளா படுத்தபடியே கையை நீட்டிப் பதில் தட்டினாள். திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள், அந்த மூலையில் மட்டும் துணி பற்றவில்லையா என்று கேட்கிறார்கள். ஆமாம், பற்றவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.