நோராவின் இரண்டு ரீல்

போன வாரம் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பழைய சேலை மடிப்புக்குள்ளிருந்து ஓர் அந்துருண்டை உருண்டு வந்து விழுந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ அந்த வாசனையோடு பியூலா டீச்சர் வந்து நின்றுவிட்டார். அப்புறம் எங்கே வேலை ஓடும்? பீரோ அன்றைக்குப் பாதியில் கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் புது டீச்சர். பியூலா டீச்சர் கணக்கு. நாற்பத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிற ஜூனில் அவர்தான் தலைமையாசிரியை என்று பியூன் வரைக்கும் தெரியும். அவருக்கும் அதில் கொள்ளை ஆசை. தலைமையாசிரியை அறைக்குப் போடத் திரைச்சீலைத் துணிகூட எடுத்து வைத்துவிட்டார்.

அவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. திறந்தால் குப்பென்று அந்துருண்டை. உள்ளே அமெரிக்க சினிமாப் பத்திரிகைகள். அவருடைய அப்பா மிஷன் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தன் தேசத்துக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் விட்டுவிட்டுப் போன கட்டு அது. பதினொரு வயதில் அதைப் படிக்க ஆரம்பித்த டீச்சர், விடவே இல்லை. அத்தனை நடிகைகளில் அவருக்கு வேண்டியவள் ஒருத்திதான்: நோரா வின்டன்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பெரிய நட்சத்திரமெல்லாம் இல்லை. கோதுமைக் காட்டுக்காரர் மகள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவளைப் படக் கம்பெனி கூட்டிப் போனது. பேரை மாற்றினார்கள், கன்னம் ஒட்டித் தெரியக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கெல்லாம் பேசாமல் இருந்தவள், ஒரு படத்தில் தரங்கெட்ட வேஷம் கொடுத்தபோது மாட்டேன் என்றாள். ஒன்றரை வருஷம் வேலை கிடையாது. ஒரு துணிக்கடையில் நின்று கையுறை விற்றாள். பிறகு கம்பெனியே கூப்பிட்டது. ஐம்பதுகளின் நடுவில் இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறாள். அதோடு பத்திரிகைக் கட்டு முடிந்துவிடுகிறது.

பியூலா டீச்சர் இந்தக் கதையைச் சொல்லாத நாள் கிடையாது. வேலையை விடச் சொன்ன மாப்பிள்ளையை வேண்டாம் என்றது, ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த கணக்குப் பயிற்சிக்குச் சண்டை போட்டுப் போனது, எல்லாம் நோரா கொடுத்த தைரியம். "கையுற வித்தாட்டி! ஆனா மாட்டேன்னா மாட்டேன்தான்!" என்பார். வேடிக்கை என்னவென்றால், அவள் நடித்த ஒரு படத்தைக்கூட டீச்சர் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலே வெறும் காகிதத்தோடு சிநேகிதம்.

ஒருநாள் சாயங்காலம் ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முருகன்குறிச்சி தாண்டியதும் டீச்சர் துள்ளி எழுந்து, "நிறுத்தும் வே, நிறுத்தும்!" என்று கண்டக்டரைப் பிடித்து உலுக்கி இறங்கிவிட்டார். சுவரில் ஒரு காலைக்காட்சிப் போஸ்டர். அந்தக் காலத்தில் நம் ஊரில் காலைக்காட்சி இங்கிலீஷ் படம் என்றால் அது எந்தப் படம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போஸ்டரில் நீச்சலுடையில் யாரோ ஒருத்தி. அடியில் பொடி எழுத்தில் நடிகர்கள் பட்டியல். அதில் ஐந்தாவது பெயர், நோரா வின்டன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் எதையோ வாங்கி, சம்பந்தமில்லாத நீச்சலுடைப் படத்தைப் போஸ்டரில் போட்டு ஓட்டுகிறார்கள்.

"நாளைக்குச் சனிக்கெழம. வாரியாட்டி?"

"டீச்சர், எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா கால ஒடிச்சிருவாவ. ஒங்களுக்கும் ஜூன்ல..."

"தெரியும். நீ வந்தா வா, வராட்டா இரு. நான் போவேன்."

போனோம். நான் முந்தானையால் தலையை மூடி, கிட்டத்தட்ட சுவரோடு சுவராகப் போனேன். அவர் குடையும் கைப்பையுமாகப் பள்ளிக்கூடம் போகிற நடையில் போனார். டிக்கெட் கொடுப்பவர் பதறிவிட்டார்.

"யம்மா, இது பொம்பளைங்க பாக்குத படம் இல்லம்மா."

"படத்துல வாரவளும் பொம்பளதான? ரெண்டு டிக்கெட்டு தாரும்."

உள்ளே நுழைந்ததுதான் தாமதம், பின் வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்றார். சொன்ன பிறகுதான் தான் இருக்கிற இடம் ஞாபகம் வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வரிசை வரிசையாகத் தலைகள் நாற்காலிக்குள் இறங்கின. பாதிப்பேர் டீச்சரிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம்.

படம் ஓடியது. கப்பல், துறைமுகம், தொப்பி வைத்த ஆண்கள். நோரா வரவில்லை. அரைமணி நேரம் ஆகியும் எதிர்பார்த்து வந்த காட்சி வராததால், இருட்டில் கூட்டத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஏலே ஆபரேட்டரு, தூங்குதியாலே?" என்று ஒரு குரல். விசில். சட்டென்று படம் ஒரு தாவு தாவியது. பார்த்தால் கல்லறை. கதாநாயகி பூ வைத்து அழுகிறாள். கதையைப் பத்திரிகையில் மனப்பாடமாகப் படித்திருந்த டீச்சர் என் தொடையைக் கிள்ளினார்.

"ஏட்டி, அது நோரா கல்லறைலா! அவ வரவே இல்லயே, அதுக்குள்ள எப்படிச் சாவா?"

அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்து, படியேறி, ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டார். பின்னாலேயே நான்.

"சத்தம் போடுதானுவம்மா. அதான் ரெண்டு ரீல விட்டுட்டேன்."

"எடுத்துப் போடும்."

"கலாட்டா பண்ணுவானுவ, ஸ்க்ரீனக் கிழிச்சிருவானுவ."

"அத நான் பாத்துக்கிடுதேன். லைட்டப் போடும்."

விளக்கு எரிந்தது. டீச்சர் திரைக்கு முன்னால் போய் நின்றார். "விட்டுப்போன ரெண்டு ரீலயும் இப்பம் போடுவாங்க. சத்தம் வரக்கூடாது. போறவன் போலாம்" என்றார். ஒருத்தரும் போகவில்லை. போக வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் திரையோரக் கதவுக்குப் போக வேண்டும், அதுவும் ஒரு காரணம்.

நோரா வந்தாள். துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஒரு மாலுமியைப் பார்த்து ஏதோ கேட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

"கட்டக் கொரலுட்டி. எங் கொரலு மாதிரி கட்டக் கொரலு!"

டீச்சருக்கு ஆண்பிள்ளைக் குரல். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில், "நீ வாய மட்டும் அசை" என்று நிறுத்தினார்களாம். பத்திரிகைகள் நோராவின் கண்ணைப் பற்றி எழுதின, இடுப்பைப் பற்றி எழுதின. குரலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. "இத்தன வருசமா அவளுக்கு நானா ஒரு குயில் கொரல வச்சிருந்தேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். இரண்டாவது ரீல் முடிவில் நோரா செத்தபோது, பின்வரிசையில் யாரோ "ச்சே" என்றார்கள்.

திங்கட்கிழமை டீச்சருக்குத் தாளாளர் அறைக்கு அழைப்பு; முந்தானைக்குள் இருந்த என்னை யாரும் அடையாளம் காணவில்லை. தெரியாமல் போய்விட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், விஷயத்தை மறந்துவிடலாம் என்றார். "தெரிஞ்சேதான் போனேன் ஐயா" என்று சொல்லிவிட்டு டீச்சர் வந்துவிட்டார். ஜூனில் வேறொருவர் தலைமையாசிரியை ஆனார். திரைச்சீலைத் துணி எங்கள் வகுப்பு மேசைவிரிப்பானது.

வருத்தம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமா? அந்த நாற்காலியப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சு எரியத்தான் செய்யுது. ஆனா போவாம இருந்திருந்தா அந்தக் கொரலக் கேட்டிருக்க மாட்டேன்லா" என்றார். ஓய்வு பெறும்வரை கணக்கு டீச்சராகவே இருந்தார்.

இப்போது அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். தகரப் பெட்டியை, டீச்சர் காலமான பிறகு, சொந்தக்காரர்கள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நோரா மட்டும் செல்போனில் இருக்கிறாள். பீரோ ஒழித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளே தேடி எடுத்தாள். நினைத்தபோதெல்லாம் அந்தக் கட்டைக் குரலைக் கேட்கலாம்.

"ஒங்க டீச்சர் கொரலும் இப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டாள்.

முப்பது வருஷம் பாதி ஊருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த குரல். அதை ஒரு கேசட்டில் பிடித்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தொண்டையைக் கட்டையாக்கி, "எடுத்துப் போடும்" என்று பேசிக் காட்டினேன். வரவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்போதும் என் குரல்தான் வந்தது.