உள்ளங்காலில் இரண்டு தட்டு

அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கொதிகலன் பட்டறையில் சேர்ந்தபோது மீசைகூட முளைக்கவில்லை. இரும்பு உருளைக்குள் படுத்துக்கொண்டு சுத்தியல் அடித்தே தலை நரைத்தது. காது போகப் போக, குரல் வளர்ந்தது. பட்டறையில் அவருக்கு ‘இடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

இடிக்கு இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது அவர் மனைவிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, அவ்வளவுதானே என்றிருந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். இதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களும் அடைத்திருக்கின்றன. காந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கச் சதை சோர்ந்து கிடக்கிறது என்றால் அறுவை செய்து புதிதாக ரத்த வழி போடலாம். சதை எழுந்து உட்கார்ந்துவிடும். செத்தே போயிருந்தால் அறுத்துப் பயனில்லை, மாத்திரைதான்.

அன்று முதல் அவள் அந்த அறுவையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது அது நடந்துவிட வேண்டும்.

ஸ்கேன் நாளன்று துணைக்கு அவள் தம்பியும் வந்தான். அவனும் அதே பட்டறைதான். அக்காள் புருஷனுக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன். ஸ்கேன் எடுக்கும் பெண் மூன்று பேரையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டாள். உடம்பில் இரும்பு ஏதாவது உண்டா? இடியின் கண்களை முன்பே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, துகள் எதுவும் இல்லை. தம்பிக்குத்தான் இடது கண்ணோரம் எப்போதோ தெறித்த தூள் ஒன்று உள்ளேயே தங்கியிருந்தது.

“நீங்க உள்ளே வரக் கூடாது சார். காந்தம் இழுத்துடும்.”

“கண்ணாடி போட்டு வேலை செய்டான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாதானே!” என்றாள் அக்காள்.

“இப்ப அதுவா முக்கியம்?” என்று தம்பி வெளியே போய் கண்ணாடி ஜன்னலருகே நின்றுகொண்டான்.

உள்ளே இன்னொரு சிக்கல். காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் இடிக்கு ஒன்றும் கேட்காது. மற்றவர்களுக்கு ஒலிபெருக்கியில் “மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க” என்று சொன்னால் போதும். மூச்சு நின்றிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் படம் தெளிவாக விழும். இவருக்கு எப்படிச் சொல்வது?

“நீங்க கால்மாட்டுல நில்லுங்கம்மா. நான் விளக்கைக் காட்டினா ரெண்டு தட்டுங்க, மூச்சை நிறுத்தணும். முடிஞ்சதும் ஒரு தட்டு, மூச்சு விடலாம்” என்றாள் அந்தப் பெண். அதையே இடியின் முகத்துக்கு நேரே குனிந்தும் சொன்னாள். கருவி ஏற்கெனவே மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது. இடி பெரிதாகத் தலையாட்டினார். கேட்காததற்கெல்லாம் தலையாட்டுவது அவர் வழக்கம்.

கொண்டை ஊசி, ஊக்கு, வளையல் எல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவள் கால்மாட்டில் நின்றாள். படுக்கை நகர்ந்து அவரை அந்தப் பெரிய உருளைக்குள் கொண்டுபோனது. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இயந்திரம் தகரக் கூரையில் கல் மாரி பொழிவதுபோல அடித்தது. விளக்கு எரிந்தபோதெல்லாம் இரண்டு தட்டினாள். அணைந்ததும் ஒன்று.

படம் எல்லாம் கலங்கிப் போயிருந்தது. மறுபடி எடுத்தார்கள். அதுவும் கலங்கல்தான்.

அந்தப் பெண் அவளை வெளியே கூப்பிட்டு, “அவரால மூச்சு அடக்க முடியலம்மா. இதயம் ரொம்பப் பலவீனமா இருந்தா இப்படித்தான். இன்னைக்கு விட்டுட்டு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்” என்றாள்.

அவள் தம்பியைப் பார்த்தாள். படமே இல்லாவிட்டால் அறுவை ஏது?

“அக்கா, நீ எப்படித் தட்டினே?” என்றான் தம்பி.

“ரெண்டு தட்டினா நிறுத்து. ஒண்ணுன்னா மூச்சு விடு.”

தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். “கெட்டுது போ! மாமா உருளைக்குள்ள படுத்திருப்பாரு, நான் வெளியே நின்னு அவர் உள்ளங்காலைத் தட்டுவேன். ஒரு தட்டுன்னா அசையாதே, மூச்சுகூட விடாதே. ரெண்டு தட்டுன்னா வேலையப் பாரு. காலங்காலமா அதான். நீ நிறுத்துங்கிறப்ப அவர் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருப்பாரு!”

“விடச் சொன்னப்ப?”

“அடக்கிக்கிட்டுக் கிடந்திருப்பாரு, பாவம். மனுஷன் திணறிப் போயிருப்பாரு.”

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டும் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். ஒரு தட்டு. பாதம் கல்லாக நின்றது. இரண்டு தட்டு. விரல்கள் தளர்ந்தன. படம் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்தது. இடையில் கையில் மருந்து ஏற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தார்கள். செத்த சதையில் அந்த மருந்து தங்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்றார்கள்.

மாலையில் டாக்டர் அக்காளையும் தம்பியையும் மட்டும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் அசைந்தது. முன்பக்கம் சும்மா இருந்தது. அடுத்த படத்தில் அந்த முன்சுவர் உள்ளிருந்து வெளிவரை வெள்ளையாக இருந்தது. டாக்டர் வாய் திறக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஓரமா மட்டும் வெள்ளையா இருந்தா துணிஞ்சு செய்யலாம்மா. இது முழுக்கப் போயிருக்கு.”

வெளியே ஆஸ்பத்திரிக் கூடத்தில் இடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் கருவியை எடுத்து அவர் காதில் மாட்டினாள்.

“ஆபரேஷன் கிடையாதாம்.”

“என்னது?”

“ஆபரேஷன் கிடையாதாம்!” கூடமே திரும்பிப் பார்த்தது.

இடியின் முகம் மலர்ந்தது. “அப்பாடா! வெட்ட மாட்டாங்களா?”

அவள் மலைத்துப் போனாள். இத்தனை நாளும் ஒரே வீட்டில், ஒரே பாயில், அவள் எது நடக்காமல் போய்விடுமோ என்று பயந்தாளோ, அது நடந்துவிடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

“அக்கா, விட்டுடு. சந்தோஷமா இருக்காரு” என்றான் தம்பி தாழ்ந்த குரலில்.

அவளால் விட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “சந்தோஷப்பட ஒண்ணும் இல்லைங்க. முன்பக்கம் செத்துப் போச்சாம். வெட்டிப் பிரயோஜனம் இல்லன்னுதான் வெட்டல.”

“தெரியுது. அரிச்சுப் போன தகட்டுல எவன் ஒட்டுப் போடுவான்?” தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “ஆனா நெஞ்சைப் பொளந்துடுவாங்களேன்னு எனக்குத் தூக்கமே இல்லடி.”

“ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நான் சொன்னா தெருவுக்கே கேக்குமே.”

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கோபம் சில நாள் கழித்துத்தான் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று வந்தது. கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய், தன்னிடம்கூடச் சொல்லாமல் தனியே பயந்து கிடந்ததற்காக அவரை வாய் ஓயும்வரை திட்டினாள். அவர் கருவியைக் கழற்றவில்லை. முழுதும் கேட்டார்.

மாத்திரையோடு அவர் இன்னும் இரண்டு கோடை பார்த்தார். பட்டறைக்குப் போகவில்லை, வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிறவர்களை உரத்த குரலில் நலம் விசாரித்தார். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை. கத்திக்குப் பதிலாக வந்தவை என்று அவற்றின்மீது அவருக்கு ஒரு மரியாதை இருந்தது.