மிச்சமே இல்லை என்று நான் சொன்ன துணி

போன ஆகஸ்டு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ராஜபாளையத்தில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, இருபது வருடமாக ஜாக்கெட் தைப்பவள் நான். வலது கைதான் எனக்கு எல்லாம்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்த அன்று கத்தரியை எடுத்துப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மாட்டேன் என்றன. எலும்பு கூடிவிட்டது, இனி பயிற்சி செய்தால்தான் விரல் வரும் என்றார் டாக்டர். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், “உளுந்து பொறுக்குங்கக்கா, துணியைக் கிள்ளிப் பிடிங்க, வலிக்கத்தான் செய்யும்” என்றாள். வலித்தது. இரண்டு நாள் செய்தேன். விட்டுவிட்டேன்.

ஜெபத்தை மட்டும் விடவில்லை. உண்மையைச் சொன்னால் அது ஜெபமே இல்லை, சண்டை. ஊரில் எத்தனையோ பேர் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்போது என் கைதான் கிடைத்ததா உமக்கு என்று கேட்டேன். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். தூசி படியாமல் இருக்கட்டும் என்று என் கணவர் மிஷினைப் பழைய போர்வையால் மூடினார். அதைப் பார்த்து நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. இனி நான் தையல்காரி இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருடம் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் கடையில் வாங்கியது எதுவும் கிடையாதாம். பழைய துணியில், கையால் தைத்தது, வீட்டுக்கு ஒன்று.

“நீங்க ஒரு நட்சத்திரம் தைங்க எஸ்தர்” என்றார்கள்.

“கை ஏலாதவகிட்ட வந்து கையால தைக்கச் சொல்லுதீயளே” என்றேன்.

“ஏலுற மட்டும் தைங்க. மரத்துல பின்பக்கமாக்கூட தொங்கவிட்டுக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. என் தையலைப் பின்பக்கம் தொங்கவிடுவதா? அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது. கர்த்தர் அவரவர் சுபாவம் தெரிந்து பேசுகிறவர்.

மறுநாள் காலையில் சண்டை போடாமல் ஜெபித்தேன். அதிகம் வேண்டாம் ஆண்டவரே, ஊசியைப் பிடிக்கிற அளவுக்கு ரெண்டு விரல் தாரும், அது போதும் என்றேன். பிறகு வெட்டுத்துணி மூட்டையைத் தரையில் கொட்டினேன். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துண்டுகள், ஒரு சாக்கு நிறைய இருந்தன. நட்சத்திரத்துக்கு ஐந்து முனை, முனைக்கு ஒரு நிறம். நான்கு நிறம் எடுத்துவிட்டேன். ஐந்தாவதாகக் கையில் வந்தது ஜானகி அக்காவின் அரக்குப் பட்டு.

ஜானகி அக்கா எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்த அன்று, மூன்று பேர் முன்னால், “மிச்சத் துணி எங்க எஸ்தரு?” என்று கேட்டார். என்னைத் திருடி என்று சொன்னது போல் இருந்தது எனக்கு. “மிச்சமே இல்ல” என்றேன். ஒரு முழம் இருந்தது. எத்தனை மீட்டர் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாதா? அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் அவர் எதிரே வந்தால் நான் என் செருப்பைப் பார்த்தபடி நடந்தேன்.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு மேலே ஜெபம் வரவில்லை. விரல் வேண்டும் என்று அழுதேனே, அந்த விரல்தானே இதை மூட்டைக்குள் திணித்தது.

துணியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், உள்ளே யாரிடமோ அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

“அக்கா, இது உங்க துணி. அன்னைக்கு இல்லன்னு பொய் சொன்னேன்.”

“எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. இம்புட்டுத் துணிக்கு ரெண்டு வருசம் பேசாம இருந்திருக்கோம் பாரு. உள்ள வா, காப்பி குடி.”

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டம்ளரை நான் இடது கையால் பிடிப்பதை அக்கா கவனித்தார்.

“வெரலுக்கு என்ன செய்யுத?”

“ஜெபம் பண்ணுதேன்.”

“உங்க சாமிகிட்ட கேக்கத கேளு. செத்த நேரம் வெரலையும் ஆட்டு.”

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அக்கா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். துணியை அவர் வெட்டித் தந்து இழுத்துப் பிடிப்பார், நான் ஊசியை ஓட்டுவேன். வலிக்கிறது என்று ஊசியைக் கீழே வைத்தால், “இந்த வரி முடியாம நான் எந்திரிக்க மாட்டேன்” என்பார். பட்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “அஞ்சாவது மொனைக்கு வைய்யி. உங்க கோயில்ல நானும் தொங்கிட்டுப் போறேன்” என்று சிரித்தார்.

முதல் நாள் ஆறு தையல் போட்டேன். அதற்கே வியர்த்துவிட்டது. பதினோராம் நாள் கட்டை விரல் நுனி ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டது. நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்காதான் முதலில் கண்டார். “தொடுதுட்டி, தொடுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் செய்த ஜெபத்தில் நன்றி தவிர வேறு வார்த்தை இல்லை.

நட்சத்திரம் பார்க்கச் சுமார்தான். ஒரு முனை கோணல், தையல் ஒவ்வொன்றும் உளுந்தம்பருப்பு நீளம். அதை முன்பக்கமே தொங்கவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று ஜானகி அக்கா பேத்தியோடு வந்து, அரக்கு முனையைக் காட்டி, “அது நம்ம துணி” என்று ஆலயத்துக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பொங்கல் கழிந்து மறுபடி கத்தரி பிடித்தேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு ஜாக்கெட் தைக்கிறேன். மிஞ்சிய துணி விரல் அகலம் இருந்தாலும் ஜாக்கெட்டோடு குத்திக் கொடுத்துவிடுகிறேன். இதை எதற்குக் கொடுக்கிறாய் என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விசுவாசக் குடும்பத்தாரே, ரொம்ப நாளாகக் கேட்டும் பதில் வரவில்லை என்று சோர்ந்திருக்கிறீர்களா? ஜெபத்தை விடாதீர்கள். ஆனால் உங்கள் தெருவில் நீங்கள் தலை குனிந்து கடக்கிற வீடு ஒன்று இருந்தால், முதலில் அங்கே போய் வாருங்கள். என் ஆண்டவர் எனக்கான உதவியை அந்த வீட்டில்தான் வைத்திருந்தார். அவரை நம்புங்கள், உங்களையும் கைவிட மாட்டார்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன் என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன். மூன்று நாள் ஆனது. என் வலது கையாலேயே எழுதி முடித்துவிட்டேன்.