புளி போட்டுத் துலக்கிய பாலம்

எங்கள் தெருவுக்கும் திருவாரூர் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். கூலித் தகராறு முற்றிய வருஷம், மிராசுதார் வாய்க்காலைச் சுற்றிப் போகிற தன் வரப்பில் நாங்கள் நடக்கக் கூடாதென்று முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். அதன்பிறகு பள்ளிக்கூடமானாலும் பிரசவமானாலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போனோம். ஆட்சி மாறி, நடைபாலத்துக்கு உத்தரவு வந்தது. அந்த வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? அதே தெருவில் பிறந்து, அப்போதுதான் ஜூனியர் இன்ஜினியர் ஆகியிருந்த என் தலையில். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேடிப்பிடித்து ஒரு உருக்கைக் கேட்டேன். கொஞ்சம் செம்பும் குரோமியமும் கலந்தது. மேலே துருப்பிடிக்கும், அந்தத் துருவே இறுகிப் படிந்து, உள்ளே அரிக்க விடாது. நனைந்து நனைந்து காய வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கடல் உப்பு ஆகாது. நாங்கள் உள்ளே தள்ளி இருந்ததால் பிழைத்தோம். முக்கியமாக, பெயிண்டே வேண்டாம். எங்கள் தெருவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க எவன் வரப்போகிறான்? மேலதிகாரியிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

மார்கழி பாதியில் பாலம் பழுப்பேறி நின்றது. அம்மா வந்து பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் நல்ல இரும்பு, நம்ம தெருவுக்குன்னா துருப்பிடிச்சதா? நீயுமாடி?”

அந்த ‘நீயுமா’ என்னைச் சுட்டது. விளக்கம் சொல்லப் போனேன். அவள் நின்று கேட்கவில்லை.

இரண்டு நாள் தஞ்சாவூர் ஆபீசில் இருந்துவிட்டு வந்தால், வாய்க்காலில் ஒரே சிரிப்புச் சத்தம். பொங்கலுக்குப் பாத்திரம் துலக்குகிற கையோடு, தெருப் பெண்கள் அத்தனை பேரும் புளியும் செங்கல் தூளும் தேங்காய் நாருமாகப் பாலத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் துரு முழுக்கத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. கைப்பிடி பளபளத்தது. எனக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் சிரிப்பாகி, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன். “பெயிண்ட் அடிச்ச இரும்புன்னா ஆபீஸ்காரங்க வந்து வந்து பாக்கணும். இதுக்கு யார் தயவும் வேணாம்மா.”

அம்மா கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள். “இத மொதல்லயே சொல்லியிருந்தா எம் புளி மிச்சமாயிருக்கும்ல?”

மறுநாள் முதல் வாசல் தெளிக்கிற தண்ணீரில் பாலத்துக்கும் பங்கு. காலையில் தெளிப்பு, மதியம் வெயில். திறப்பு விழாவுக்குள் செங்காவியாகத் துரு திரும்பிவிட்டது. புதுத் துரு கையில் ஒட்டும், துணியில் ஒட்டும். அதை எல்லோரிடமும் சொல்லிவைத்தேன், ஒருவரைத் தவிர.

கொடி, மைக், மாலை. மந்திரி வருகிறார் என்பதால் மிராசுதாரும் வந்திருந்தார், சலவை வேட்டியில். பாலம் ஆடிவிடுமோ என்று கைப்பிடியோடு இடுப்பை உரசிக்கொண்டே நடந்து, முதல்முறையாக எங்கள் தெருவில் கால் வைத்தார். குனிந்து பார்த்தார். வேட்டியில் நீளமாகச் செங்காவிக் கோடு.

“இது போகுமா?” என்று பக்கத்தில் நின்ற அம்மாவைக் கேட்டார்.

அம்மா முகத்தில் ஒரு சிரிப்பில்லை. “புளி போட்டா போயிடுங்க. ஆனா எங்ககிட்ட இல்லீங்க. எல்லாத்தையும் எம் மவ கட்டுன பாலத்துக்குப் போட்டாச்சு.”