ஐந்தாம் அஸ்திபாரக் கல்

யாராவது "கோமே" என்று கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியின் களத்தில், கருமணல் நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் ஏற்றியபடி நடந்துகொண்டே இருப்பாள். "கோமேதகம்" என்று முழுசாகக் கூப்பிட்டால் மட்டும் கடவத்தை இறக்கிவைத்து, உள்ளங்கையையும் புறங்கையையும் முண்டில் துடைத்து, பிறகுதான் முகத்தைத் திருப்புவாள். பெயரைக் கையில் வாங்கிக்கொள்வதுபோல இருக்கும்.

அவள் அப்பா யோவான் கொத்தனார். பரம எருசலேமின் மதிலுக்குப் பன்னிரண்டு அஸ்திபாரக் கற்கள் என்று பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து, பிள்ளைகளுக்கு அந்தக் கற்களின் வரிசையிலேயே பெயர் வைத்தார். மூத்தவன் வச்சிரம். பிறகு இந்திரநீலம், சந்திரகாந்தம், மரகதம். அப்புறம் இவள்.

"அடியில ஒரு கல்லு விட்டா மேல செவரு நிக்காது" என்பார்.

"பன்னெண்டையும் கெட்டி முடிச்சிட்டுத்தான் ஓய்வீரா கொத்தனாரே?" என்று சபையில் சிரிப்பார்கள். மனைவி இறந்ததால் கட்டடம் கோமேதகத்தோடு நின்றுவிட்டது.

1927-ல், கொத்தனாரும் காலமான மறுவருஷம், அவளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆபேல், கருப்பட்டி வியாபாரி. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. அந்த வாரம் கடவம் சுமந்த நடையிலேயே ஒரு துள்ளல் தெரிந்தது.

ஆபேலின் தாய் தங்கபாய் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வள்ளிநாயகம் பிள்ளையிடம் போய்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார். வடமொழியில் கோ என்றால் பசு, மேதம் என்றால் கொழுப்பு. அந்த நிறத்தில் மங்கி ஒளிர்வதால் கல்லுக்கு அப்படிப் பெயர். நவரத்தினத்தில் ஒன்று என்றும் சொன்னார். கொழுப்புக்கு அப்புறம் தங்கபாய்க்குக் காது கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனையில் சபையாருக்குக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முந்தின நாள், உபதேசியார் நேசையன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள்.

"மாட்டுக் கொழுப்பையா எம்மவன் கெட்டணும்? ரோஸ்பாய்னு எழுதும் உபதேசியாரே. இல்லேன்னா ஓலையே வாசிக்காண்டாம்."

உபதேசியார் கோமேதகத்தைப் பார்த்தார். "ஒரு பேருதானே மக்கா. மாத்திருவோமா?"

"வேண்டாம் ஐயா."

"ஏட்டி, பேரு சோறு போடுமா?" என்றாள் தங்கபாய்.

"போடாது மாமி. சோத்துக்கு நான் மண்ணு சுமக்கியேன்."

ஆபேல் வாசலில் நின்று பெருவிரலால் தரையைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தாயைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. மறுநாள் அவள் களத்துக்கு வந்தாள். அப்புறம் வேறு சம்பந்தமும் வரவில்லை. அப்பன் கிறுக்கை மகள் சுமக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். களத்தில் அவளோடு கடவம் சுமந்த எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது.

போன வருஷம்தான் அவள் அக்கா மரகதம் சொல்லித் தெரிந்தது. கோமேதகம் ஐந்தாவது பிள்ளை அல்ல, ஆறாவது. அவளுக்கு நேர் மூத்த பெண்குழந்தை, ஞானஸ்நானம் குறித்திருந்த ஞாயிறு வருமுன்பே இறந்துபோனது. பெயர் சொல்லாமலேதான் அடக்கம் செய்தார்கள். அந்தக் குழந்தைக்கென்று வைத்திருந்த பெயரைத்தான் இவளுக்கு இட்டார்கள். இவளுக்கு அது சின்ன வயதிலேயே தெரியும்.